கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்

தேனியில் கடல் இல்லை. கம்பத்தில் இல்லை. போடியில் இல்லை. சின்னமனூரில் இல்லை. மலை உண்டு, ஆறு உண்டு, திராட்சைத் தோட்டம் உண்டு, நெல் வயல் உண்டு. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மதுரை தாண்டி, பரமக்குடி தாண்டி, ராமேசுவரம் வரை போக வேண்டும்.

ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியை வைத்து, கடல் மீனை வளர்க்க முடியும். அதற்குக் கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்! கிணற்றுத் தண்ணீரிலே உப்புகளை அளந்து போட்டுக் கடல் நீரைத் தயார் செய்து கொள்ளலாம்.

இந்த வித்தையை ஊரறியச் செய்தவர் ஓர் ஆங்கிலேயர். பிலிப் ஹென்றி காஸ் என்பது அவர் பெயர்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஓர் ஆங்கிலேயரை என்றும் மறக்கமாட்டார்கள். அவர் பென்னிகுவிக். முல்லைப் பெரியாற்றிலே அணை கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் தொங்குகிறது. காஸ் அந்தப் பென்னிகுவிக்கைவிட 31 வயது மூத்தவர். அணையும் கட்டவில்லை, ஆற்றையும் திருப்பவில்லை. கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவர், சிரித்தவர். அவருடைய கதை இது.

அத்தை காட்டிய வழி

1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ந்தேதி, இங்கிலாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் காஸ் பிறந்தார். தகப்பனார் ஓவியர். பெரிய ஓவியர் அல்ல. ஊர் ஊராகப் போய், உள்ளங்கை அளவுக்குச் சின்ன உருவப் படங்களை எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குபவர். வருமானம் போதாது. குடும்பத்தைக் கட்டிக் காத்தது தாயார்தான்.

குழந்தை சிறுவனாக இருக்கும்போதே, குடும்பம் பூல் என்ற துறைமுகப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கடல் இருந்தது. கடலோடு ஓர் அத்தையும் இருந்தாள்! சூசன் பெல் என்பது அவள் பெயர். படம் எழுதவும், உயிர்களை உற்றுப் பார்க்கவும் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். பாறை இடுக்கிலே பூப்போல விரிந்து நிற்கும் கடல் சாமந்தியை அவனுக்கு அறிமுகம் செய்தாள். அதைப் பாத்திரத்திலே கடல் நீர் விட்டு வைத்தால் சாகாது என்றும் யோசனை சொன்னாள்.

அந்த அத்தையின் சொந்த மகன் தாமஸ் பெல், பின்னால் பெரிய விலங்கியல் அறிஞர் ஆனார். மருமகனும் ஆனார். படிக்காத வீட்டிலே ஒரு பெண் மட்டும் கண் திறந்து பார்த்தாள். இரண்டு விஞ்ஞானிகள் கிடைத்தார்கள்.

பிழைக்கப் போன இடங்கள்

பதினைந்து வயதில் காஸ் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனார். 17 வயதில், 1827இல், கப்பல் ஏறி நியூபவுண்ட்லாந்துக்குப் போனார். அங்கே வணிகக் கிடங்கில் பேரேடு எழுதினார். மாலையில் பூச்சி பிடித்தார். 1832இல் ஓர் ஏலத்தில் நுண்பெருக்கிக் கண்ணாடி பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். அன்று பிடித்த பித்து சாகும்வரை விடவில்லை.

எட்டு வருஷம் கழித்துக் கனடாவிலே நிலம் வாங்கி உழுதார். விவசாயம் கைகொடுக்கவில்லை. அமெரிக்காவிலே அலபாமாவுக்குப் போய் உபாத்தியாயர் ஆனார். அங்கே பருத்திக் காட்டில் அடிமைகளுக்கு நடந்த கொடுமையைக் கண்டு மனம் கசந்தது. சில மாதங்களிலேயே புறப்பட்டுவிட்டார். 1839இல் வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பினார்.

முப்பதை எட்டாத வயது. கையில் காசில்லை. பெட்டியிலே ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும் இருந்தது. தாமஸ் பெல் உதவினார். அடுத்த ஆண்டு அது கனடாவின் இயற்கை பற்றிய புத்தகமாக வெளிவந்தது. பிறகு ஜமைக்காத் தீவுக்குப் போய் ஒன்றரை வருஷம் பறவைகளை ஆராய்ந்தார்.

1848இல் கல்யாணம். மணமகள் எமிலி போஸுக்கு வயது 42. இவருக்கு 38. அடுத்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைக்குத்தான் ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் பறவையும் வந்து சேர்ந்தது. காஸ் தம் நாட்குறிப்பிலே மகன் பிறந்ததையும் பறவை வந்ததையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார்! மனிதர் எப்படிப்பட்டவர் என்பது இதிலே தெரிந்துவிடும்.

வேலைக்காரச் சிறுமி ஆற்றிய தண்ணீர்

இங்கே காஸின் கதையைச் சற்று நிறுத்த வேண்டும். இன்னொருவர் கதை குறுக்கே வருகிறது. அது இல்லாமல் பவளத்தின் கதை இல்லை.

லண்டனில் அன்னா தின் என்ற சீமாட்டி இருந்தாள். கணவர், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். 1846இல் அந்த அம்மாள் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனாள். அங்கே உயிருள்ள பவளத்தைக் கண்டாள்.

பவளம் என்றதும் கழுத்து மணி நினைவுக்கு வரும். இது வேறு. சின்னக் கிண்ணம் போன்ற சுண்ணாம்புக் கூடு. அதன்மேல் வழுவழுப்பான தசை. அதிலே கண்ணாடி நூல்போல எத்தனையோ கைகள். பேச்சு வழக்கில் பவளப் பூச்சி என்பார்கள். ஆனால் பூச்சிக்கும் அதற்கும் உறவில்லை. கடல் சாமந்திக்குத்தான் அது தங்கை முறை. கடல் நீரிலே கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துத் தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்ளும். வெப்பக் கடல்களிலே இப்படிப்பட்ட உயிர்கள் கோடிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் பவளப் பாறை.

அன்னா அம்மாள் அந்தப் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். வழியிலே குலுங்கினால் உடைந்துவிடுமே! ஊசியும் நூலும் எடுத்தாள். பவளங்களைக் கடற்பஞ்சிலே தைத்தாள். ஜாடிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

லண்டன் வந்தாயிற்று. கொண்டுவந்த கடல் நீர் கெட ஆரம்பித்தது. புதுத் தண்ணீருக்கு எங்கே போவது? பழைய தண்ணீருக்கே உயிர் கொடுக்க வழி கண்டாள். திறந்த ஜன்னல் பக்கத்திலே வேலைக்காரச் சிறுமியை நிறுத்தினாள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, மறுபடி அதிலிருந்து இதற்கு என்று, தினமும் அரைமணி முக்கால்மணி நேரம் தண்ணீரை ஊற்றச் செய்தாள்.

நம் ஊர் டீக்கடையிலே நடப்பது இதுதானே! அங்கே டீ ஆறுகிறது. இங்கே தண்ணீர் காற்றைக் குடிக்கிறது. சுருளி அருவியிலே தண்ணீர் நுரைத்து விழும்போது நடப்பதும் இதுவே. காற்றிலுள்ள பிராணவாயு தண்ணீரிலே கரைகிறது. இன்று கடைகளில் விற்கும் மீன் தொட்டியிலே ஒரு சின்ன மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மோட்டாரின் வேலையை அன்று ஒரு சிறுமியின் இரண்டு கைகள் செய்தன. அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1847இல் அந்த அம்மாள் உயிருள்ள கடல் பாசியையும் தருவித்துப் பாத்திரத்திலே வைத்தாள். வெளிச்சம் பட்டால் பாசி பிராணவாயுவை வெளிவிடும். பவளம் அதை வாங்கிக்கொள்ளும். சிறுமியின் கை வலி குறைந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் பிறகு நடந்தது. பவளங்கள் பெருகின! தாய்ப் பவளத்திலிருந்து குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்று பிளந்து இரண்டாவதையும் அந்த அம்மாள் கண்டாள். நடுக் கடலிலே நடப்பது லண்டன் வீட்டிலே நடந்தது. அவள் எல்லாவற்றையும் குறித்து வைத்தாள். வெளியே சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளை 1859இல் ஓர் அறிவியல் பத்திரிகையிலே, தம் விளக்கத்தோடு வெளியிடச் செய்தவர் நம் காஸ்தான்.

தலைவலி தந்த வரம்

காஸ் ராப்பகலாக எழுதினார். உடம்பு கெட்டது. தாங்க முடியாத தலைவலி. லண்டனை விட்டுக் கடற்கரைக்குப் போனால்தான் ஆகும் என்ற நிலை வந்தது. 1852 ஜனவரியில் மனைவி, மகனோடு டெவன் கடற்கரைக்குப் போனார்.

வேலையிலிருந்து ஓய்வு எடுக்கப் போனவர், சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினார்! ஓதம் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறைகளுக்கு அடியிலே குனிந்து தேடினார். இல்பிரகூம் என்ற ஊர்க் கடற்கரையிலே, அதுவரை விஞ்ஞானிகள் அறியாத ஒரு பவளம் அகப்பட்டது. சிவப்பும் தங்க நிறமும் கலந்து ஜொலிக்கும் பவளம். அதற்கு அறிவியல் பெயர் வைத்த பெருமை இன்றும் காஸ் பெயரிலேயே இருக்கிறது.

பிடித்ததை எல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். பாசியும் வைத்தார். உயிர்கள் வாழ்ந்தன. லண்டனிலே ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞரும் இதே முறையிலே, நன்னீரில் தங்க மீனை வளர்த்துக் காட்டியிருந்தார். மீனும் நீர்ப்பூண்டும் போதவில்லை. அழுகலைத் தின்ன நத்தையும் வேண்டும் என்று கண்டவர் அவர். தோட்டி வேலை செய்ய ஆள் இல்லாத ஊர் நாறும் அல்லவா? தொட்டியும் அப்படியே.

1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். அதற்குக் கடல் உயிர்களைப் பிடித்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். அடுத்த வருஷம் அவர் எழுதிய புத்தகம் வந்தது. பெயர், அக்வேரியம். இன்று பட்டி தொட்டியெல்லாம் கடைப் பலகையிலே எழுதியிருக்கும் அந்தச் சொல்லை மக்கள் வாயிலே புழங்கச் செய்த புத்தகம் அதுதான்.

உப்புக் கணக்கு

கடற்கரையில் இருப்பவனுக்குக் கடல் நீர் கிடைக்கும். உள்நாட்டில் இருப்பவன் என்ன செய்வான்? 1854இல் காஸ் அதற்கும் வழி சொன்னார். கடல் நீரை ரசாயன முறையில் பிரித்து ஏற்கெனவே கணக்கு எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து நான்கு உப்புகளைப் பொறுக்கினார்.

இன்றைய அளவிலே சொன்னால், சுமார் நாலரை லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சோற்றுப்பு 100 கிராம், பேதி உப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். கலக்கி, தெளியவிட்டு, பாசியைப் போட்டுச் சில நாள் வைக்க வேண்டும். பிறகுதான் உயிர்களை விட வேண்டும்.

கலவை வேலை செய்தது. கடல் சாமந்தி அதிலே வாழ்ந்தது. ஆனால் சுண்ணாம்புச் சத்தை அவர் தனியாகச் சேர்க்கவில்லை. பவளத்துக்கு வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு இல்லாமல் கொத்தனார் சுவர் எழுப்ப முடியுமா? இந்தக் காலத்துக் கடல் உப்புப் பொட்டலங்களில் கால்சியமும் கலந்திருப்பது இதனால்தான்.

வெப்பக் கடல் பவளத்துக்கு வெளிச்சமும் வேண்டும். அதன் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. தண்ணீர் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். காஸ் வளர்த்த குளிர் நாட்டுப் பவளங்களுக்கு இந்தக் குடித்தனக்காரர் கிடையாது. ஆகவே மங்கலான ஜன்னல் வெளிச்சமே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

ஊரெல்லாம் தொட்டி

கண்ணாடிக்கு இருந்த வரியை இங்கிலாந்து அரசாங்கம் 1845இல் நீக்கியிருந்தது. கண்ணாடி மலிந்தது. ரயில் வண்டியும் கடற்கரைக்கு ஓடியது. காஸின் புத்தகமும் கையில் இருந்தது. கேட்க வேண்டுமா? கூடையும் சுத்தியலுமாகக் கூட்டம் கூட்டமாக மக்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறையைப் பெயர்த்தார்கள். பவளத்தையும் சாமந்தியையும் சுரண்டி எடுத்தார்கள். பலர் வீட்டுத் தொட்டி சீக்கிரமே நாறியது. கொட்டிவிட்டு மறுபடி போய் அள்ளினார்கள்.

ஊர் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்திலே காஸின் வீட்டிலே இடி விழுந்தது. 1856இல் எமிலியின் மார்பிலே கட்டி கண்டது. புற்றுநோய். கத்தி வைக்காமல் மருந்து பூசியே குணப்படுத்துவதாகச் சொன்ன ஓர் அமெரிக்க வைத்தியரிடம் போனார்கள். மருந்து நெருப்பாக எரிந்தது. நோய் தீரவில்லை. 1857 பிப்ரவரியில் எமிலி கண்ணை மூடினாள். மகன் எட்மண்டுக்கு ஏழு வயது.

அதே வருஷத்தில் காஸ் ஒரு புத்தகம் எழுதினார். அவர் அசைக்க முடியாத பைபிள் பக்தர். பூமி கோடிக்கணக்கான வருஷப் பழமை உடையது என்று பாறைகள் சொல்லின. வேதம் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் நம்பினார். இரண்டையும் சமாதானப்படுத்தப் பார்த்தார். கடவுள் உலகைப் படைத்தபோதே பழையது போன்ற அடையாளங்களோடு படைத்தார் என்று வாதாடினார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும் அல்லவா என்பது அவர் கட்சி. புத்தகத்துக்கே தொப்புள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை வைத்தார்.

விஞ்ஞானிகள் சிரித்தார்கள். பாதிரிமார்களும் ஏற்கவில்லை. பிரதிகள் பழைய காகிதமாக எடைக்குப் போயின. உயிர்களைக் கண்ணால் பார்த்து எழுதியபோது காஸ் சறுக்கியதே இல்லை. பார்க்காததை எழுதியபோது சறுக்கினார்.

மனம் உடைந்தவர் மகனை அழைத்துக்கொண்டு டார்க்கி பக்கத்திலே குடியேறினார். மறுபடி பாறைகள். மறுபடி தொட்டிகள். பிரிட்டிஷ் கடல் சாமந்திகள், பவளங்கள் அத்தனையையும் பற்றிய பெரிய நூலை 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்களும் அவர் எழுதியவையே. தகப்பனாரிடமிருந்து வந்த சின்னப் படம் எழுதும் கை அங்கே நின்று விளையாடியது.

காலியான பாறைகள்

ஆனால் பாறைக் குளங்கள் பழையபடி இல்லை. முன்பு குனிந்த இடத்தில் எல்லாம் பூப்போல விரிந்து நின்றவை காணாமல் போயிருந்தன. புத்தகம் படித்தவர்கள் வந்து போயிருந்தார்கள். தாம் எழுதிய எழுத்தே தாம் நேசித்த கடற்கரையைக் கொள்ளை கொடுத்துவிட்டதே என்ற வேதனை காஸைக் கடைசிவரை விடவில்லை.

நம் கடலிலும் இந்தக் கதை நடந்தது. வருசநாட்டு மலையிலே பிறந்து தேனி மாவட்டத்தில் ஓடும் வைகை, வெள்ளம் மிஞ்சினால் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊரிலே கடலைத் தொடும். அங்கிருந்து மண்டபம் பக்கம். மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள். சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பல காலம் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன.

1986இல் அது கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் கல் பவளம் அனைத்தையும், புலிக்குக் கிடைக்கும் அதே சட்டப் பாதுகாப்பில் சேர்த்தார்கள். கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். தேனியில் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் போதும். மண்டபத்து மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத் துண்டுகளைக் கான்கிரீட் பலகைகளிலே கட்டிக் கடலுக்குள் நட்டு வருகிறார்கள். முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோலத்தான். துண்டு பிடித்துக்கொண்டு வளர்கிறது. அன்னா அம்மாள் கடற்பஞ்சிலே தைத்ததற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.

திறந்த ஜன்னல்

1860 டிசம்பரில் காஸ் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவி எலைசா நல்ல குணவதி. பிற்காலத்தில் காஸ் ஆர்க்கிட் செடி வளர்த்தார். நுண்பெருக்கியிலே மட்டும் தெரியும் சக்கர உயிர்களைப் பற்றி இன்னோர் அறிஞரோடு சேர்ந்து பெரிய நூல் எழுதி, 1886இல் வெளியிட்டார். அப்போது வயது 76.

கடைசியில் வானத்தின்மேல் ஆசை வந்தது. குளிர்கால இரவிலே ஜன்னலைத் திறந்து வைத்துத் தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பி நட்சத்திரம் பார்த்தார். குளிர் தாக்கியது. படுத்தவர் தேறவில்லை. 1888 ஆகஸ்டு 23ந்தேதி உயிர் பிரிந்தது. கம்பத்துக்கு மேலே மலையிலே பென்னிகுவிக்கின் ஆட்கள் அணைக்குக் கல் சுமந்துகொண்டிருந்த காலம் அது.

மகன் எட்மண்ட் இலக்கிய ஆசிரியர் ஆனார். தகப்பனாருக்கும் தமக்கும் நடந்த மனப் போராட்டத்தை 1907இல் ஒரு புத்தகமாக எழுதினார். மதத்திலே கண்டிப்பான தகப்பனார் அதிலே வருகிறார். சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரிலே நின்று, பாறை இடுக்கைக் காட்டும் தகப்பனாரும் வருகிறார்.